வாங்கின நிறத்தை சிங்க்கில் கொட்டாதீங்க!

போன வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கையில் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டில் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்பதெல்லாம் தெரிந்த கதைதான். "தட்டில் நிறம் கூட்டவும்" என்ற ஒரு வரிதான் புதுசு. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போய் பை நிறைய கலர் கலராக வாங்கி வந்தேன். மறுநாள் சமையல் முடிந்து பார்த்தால், பீட்ரூட் வெந்த தண்ணீர் சிங்க்கில், கத்திரிக்காய் ஊறின தண்ணீர் சிங்க்கில், வெங்காயத்தின் ஊதாத் தோல் குப்பையில்! காசு கொடுத்து வாங்கினதில் பாதி சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிறத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? மாரடைப்பு என்றால் தண்ணீர்க் குழாயில் பாசி அடைப்பது மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கெட்ட கொழுப்பு ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து கெட்டுப்போகிறது. அதை விழுங்க வந்த வெள்ளை அணுக்களும் அங்கேயே உப்பிக் கிடக்க, ஆறாத புண் மாதிரி சுவர் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கிறது. இதற்குப் பெயர்தான் அழற்சி. 2017ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரை வைத்து, கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தது. அந்த ஊசியின் விலை நமக்கு எட்டாது. காய்கறியின் நிறங்களும் சிறிய அளவில் அந்தப் புகைச்சலைத் தணிக்கும் என்று சோதனைக்கூட ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மருந்துக்கு மாற்று இல்லை, பக்கத் துணை. அந்தத் துணையை வீணாக்காமல் இருக்க நான் கற்றுக்கொண்டவை இதோ, தோழிகளே!

1. கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டு, ஊதாத் தண்ணீரைக் கொட்டுவதுதானே வழக்கம்? குழம்புக்குக் கரைத்து வைத்த புளித்தண்ணீரிலேயே நேராக நறுக்கிப் போடுங்கள். கறுக்காது, இறங்குகிற நிறமும் குழம்புக்கே போய்ச் சேரும். அந்த ஊதாவுக்கு ஆந்தோசயனின் என்று பெயர், புளிப்பு இருந்தால் அது நன்றாக நிற்கும்.

2. பீட்ரூட்டைத் தோலோடு, வாலோடு, ஒரு அங்குலக் காம்போடு முழுசாகக் குக்கரில் வையுங்கள். வெந்தபின் கட்டை விரலால் தள்ளினாலே தோல் வழுக்கிக்கொண்டு வரும். கத்தி வேண்டாம், விரலும் சிவக்காது. அப்படியும் கொஞ்சம் சாயம் இறங்கிய தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொண்டால், குழந்தைகளுக்கு ரோஸ் சப்பாத்தி தயார்.

3. பீட்ரூட் இலையைக் கடைக்காரர் முறித்து ஓரமாகப் போட்டுவிடுவார். கேட்டால் சும்மாவே கொடுப்பார். பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்தால் ஒரு கட்டு கீரைக் காசு மிச்சம்.

4. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் காலை சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படித்தான். எங்கள் வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு ஆட்டோ கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது! முந்தின நாள் மெனுவை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொண்டால் அலைச்சல் மிச்சம். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

5. தக்காளியின் சிவப்பு லைகோபீன். பச்சையாகச் சாப்பிடுவதைவிட எண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால்தான் அது உடம்பில் அதிகம் சேரும். அதனால் மலிவாகக் கிடைக்கும்போது இரண்டு கிலோ வாங்கித் தோலோடு அரைத்துத் தொக்காகக் கிளறி வைத்துவிடுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அந்த மாசம் எங்கள் வீட்டில் மார்ச் மாதத் தொக்குதான் ஓடியது. இதய நோயாளி இருக்கும் வீடென்றால் உப்பை மட்டும் பாதியாக்கி, ஃப்ரீசரில் வையுங்கள். ஊறுகாய் மாதிரி உப்பை நம்பி வெளியில் வைக்க வேண்டாம்.

6. கேரட் கோசுமல்லியில் தேங்காய்த் துருவலை டயட் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கேரட்டின் ஆரஞ்சு நிறம் கொழுப்பில்தான் கரையும், கூட ஒரு ஸ்பூன் தேங்காயோ தாளிக்கிற எண்ணெயோ இல்லாவிட்டால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். ஸ்ரீராம நவமிக்கு நம் பாட்டிகள் போட்ட அளவே சரியான அளவு.

7. கீரையை மூடி போடாமல் வேகவைக்கச் சொன்ன பெரியவர்கள் சொன்னது சரிதான். கீரையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவியோடு போய்விடும், பச்சை பழுப்பாக மாறாது. புளி விட்ட கீரை செய்தால் புளியைக் கடைசியில் சேருங்கள். பச்சை நிற்க வேண்டும் என்று சோடா உப்பு மட்டும் போடாதீர்கள், நிறம் நிற்கும், வைட்டமின் போய்விடும்.

8. முருங்கைக்கீரை ஆய்வதற்குச் சோம்பலா? சாயங்காலம் வாங்கிப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி வையுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிர்ந்துவிடும், கையில் காம்புதான் மிஞ்சும்.

9. சிவப்புத் தண்டுக்கீரையை நறுக்கினபின் அலசினால் சிவப்பெல்லாம் தண்ணீரோடு போகும். கட்டோடு மூன்று முறை அலசி, தண்ணீரை வடியவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். வெந்தபின் நிற்கும் ரோஸ் தண்ணீரைச் சாதத்தில் பிசைந்து கொடுத்தால் கீரை என்றாலே ஓடும் வாண்டுகூட ஒரு கரண்டி சாப்பிடும்.

10. இதய வால்வு மாற்றினவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையோடு மல்லுக்கட்டும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளியும் இல்லை என்று ஏற்றி இறக்காமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டு, அதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

11. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாகக் கழன்றுவரும், கண்ணும் கரிக்காது. காய்ந்த சருகை மட்டும் எடுங்கள். அவசரத்தில் சேர்த்துப் பிய்த்துப் போடும் அந்த முதல் ஊதா அடுக்கில்தான் சத்து அதிகம்.

12. மஞ்சள் தூளை அழகான கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறீர்களா? முதலில் அதை இடம் மாற்றுங்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கு வெளிச்சம் எதிரி, நிறம் நாளுக்கு நாள் வெளுக்கும். பழைய எவர்சில்வர் டப்பாதான் அதற்கு ஏற்ற வீடு.

13. மஞ்சளைத் தனியாகத் தண்ணீரில் கலந்து குடிப்பதால் பெரிய பிரயோசனம் இல்லை, உடம்பு அதை நிற்கவிடாமல் வெளியே தள்ளிவிடும். 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், மஞ்சள் சத்தோடு மிளகின் சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அது 20 மடங்கு கூடியதைக் கண்டார்கள். தக்காளி, மஞ்சள், மிளகு, மேலே நெய்த் தாளிப்பு: நம் மிளகு ரசத்தில் எல்லாமே இருக்கிறதே! ஆராய்ச்சிக்காரர்கள் மெனக்கெட்டுச் சேர்த்ததை நம்மவர்கள் ஈயச் சொம்பில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

14. ஆனால் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் கொடுத்தது 2 கிராம் சுத்தமான குர்குமின். மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்குதான். அப்படியானால் 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும், எங்கள் வீட்டுக்கு ஒரு மாசத்துக்கு வாங்குவதே 100 கிராம் பாக்கெட். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகை நல்ல பழக்கம், அவ்வளவே. மஞ்சள் பாலை நம்பி மாத்திரையை நிறுத்தின ஒருவரை ஆறே வாரத்தில் மறுபடி ஐ.சி.யூ. வாசலில் பார்த்தேன்.

15. "அப்படியானால் காப்ஸ்யூலாகவே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மஞ்சள் காப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ல் எச்சரித்தது. இதற்கு முன்னோடியாக இன்னொரு கதையும் உண்டு: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடத்திய சோதனையில், கேரட்டின் நிறமான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது 1994ல் தெரியவந்தது. கேரட்டில் நல்லதாக இருந்த சாமான் மாத்திரையில் வேறு குணம் காட்டிவிட்டது. அந்தக் காசுக்குக் கேரட்டே வாங்குவோம்.

16. மஞ்சள் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் தங்கும், தண்ணீர் லேசான மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுக்கப் பளீரென்று மஞ்சளானால் சந்தேகப்படலாம். முடிந்தவர்கள் ஈரோட்டு விரலி மஞ்சள் வாங்கி வெயிலில் காயவைத்து மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கின மஞ்சள் அது.

17. சர்க்கரைவள்ளிக் கிழங்கு அநியாயத்துக்குச் சிவப்பாக இருந்தால், பஞ்சை எண்ணெயில் நனைத்துத் தோலில் தேயுங்கள். பச்சை மிளகாய்க்கு லிக்விட் பாரஃபினில் நனைத்த பஞ்சு. பஞ்சில் நிறம் ஒட்டினால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

18. நிறம் கூட்டச் சொன்னார்கள் என்று பேரப்பிள்ளைக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் எப்படி! ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு கலர் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. எலியட்ஸ் பீச் போனால் மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுங்கள்.

19. கருப்பு கவுனி அரிசி விலை அதிகம், தினமும் சமைத்துக் கட்டுப்படியாகாது. இட்லிக்கு ஊறவைக்கும்போது நாலு டம்ளர் அரிசியில் அரை டம்ளரை இதற்கு விட்டுக்கொடுங்கள். ஒருமுறை சட்டென்று கழுவி, ஊறவைத்த தண்ணீரையே விட்டு அரையுங்கள், கறுப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. இட்லி வெளிர் ஊதாவில் வரும். முதல் நாள் "இது என்ன, கெட்டுப்போன மாவா?" என்று கேட்ட வீட்டுக்காரர், இப்போது மூன்றாவதுக்குத் தட்டை நீட்டுகிறார்.

20. ஊதா முட்டைக்கோஸை வதக்கும்போது பச்சை நீலமாக மாறி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறதா? கோஸ் கெடவில்லை, நம் போர் தண்ணீரின் காரம்தான் காரணம். இறக்குவதற்கு முன் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், கண்ணெதிரே சிவந்து வரும்.

21. அமெரிக்காவில் 93,600 நர்ஸ்களை 18 வருஷம் கவனித்ததில், ஆந்தோசயனின் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்று 2013ல் எழுதினார்கள். அவர்கள் சாப்பிட்டது ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி. தி.நகர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சின்ன டப்பா ப்ளூபெர்ரி விலைக்கு எங்களுக்கு நாலு நாள் காய் வரும். ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் வரும் நாவல்பழத்திலும் விதையுள்ள கறுப்புத் திராட்சையிலும் இருப்பது அதே குடும்பத்து நிறம்தான். சீசனில் நாவல் சதையைக் கொட்டை நீக்கி, ஐஸ் ட்ரேயில் போட்டு உறைய வைத்துவிட்டால் கார்த்திகை வரை வரும்.

22. சங்குப்பூ கொடியைப் பால்கனித் தொட்டியில் போட்டால், கிரில்லில் தானே ஏறிக்கொள்ளும். ஐந்து பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை விட்டால் ஊதா. விருந்தாளி வீட்டுக் குழந்தைகளுக்கு இதைவிட மலிவான மேஜிக் ஷோ கிடையாது! பூஜைக்கென்று விற்கும் பூவை மட்டும் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

23. உள்ளே ரோஸாக இருக்கும் கொய்யாவிலும் சிவந்த பப்பாளியிலும் தர்பூசணியிலும் தக்காளியின் அதே லைகோபீன் இருக்கிறது, அடுப்பு மூட்ட வேண்டாம். ஜூஸ் போட்டு வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் கெடுக்காமல் துண்டாகவே சாப்பிடுங்கள்.

24. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம், மாட வீதிப் பக்கம் போனால் மீந்த காயைக் கூறு போட்டுக் கொடுப்பார்கள். மறுநாளைக்கே சமைப்பதென்றால் தாராளமாக வாங்கலாம். கீரையை மட்டும் காலையில் வாங்குங்கள், நாள் முழுக்க வெயிலில் கிடந்த கீரை பேரத்துக்கு ஏற்றதில்லை.

25. தி.நகருக்கும் இதய நோய் ஆராய்ச்சிக்கும் பழைய சொந்தம் உண்டு. கோபாலபுரத்து டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார், 1990களின் பின்பாதியில் தி.நகரில் எளிய மக்கள் வாழும் ஒரு பகுதியிலும் திருமங்கலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் வாழும் ஒரு பகுதியிலும் வீடு வீடாகப் போய் 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இதயக் குழாய் நோய்! பிறகு 2008ல், சென்னைவாசிகள் 983 பேரின் சாப்பாட்டை அலசி, காய், பழம் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைவு என்று எழுதினார்கள். இதில் குறிப்பு எங்கே என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய், பழம். ஒரு நாள் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். நான் நிறுத்த அன்று எங்கள் வீட்டில் ஆளுக்கு 210 கிராம்தான் வந்தது, அதிலும் பாதி உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கிலேயே சேராதாம்!

26. எத்தனை நிறம் சாப்பிட்டாலும், நாலு தடவை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி அத்தனையையும் சாப்பிட்டுவிடும். 2018 ஜூலையிலிருந்து, எண்ணெயில் கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கடைகள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. வீட்டில் அப்பளம் பொரிக்கச் சின்ன இரும்புச் சட்டியும் ஒரு குழிக்கரண்டி எண்ணெயும் போதும். மிஞ்சினதை அன்றைக்கே தாளிப்பில் தீர்த்துவிடுங்கள்.

27. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று பார்க்க ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் போனால் கவனம். ஜலதோஷம், காய்ச்சல், ஈறு வீக்கம் இருக்கும்போது போய்க் கொடுத்தால் எண் தாறுமாறாக ஏறி வரும். இரண்டு வாரம் பொறுத்துப் போங்கள், இரண்டாவது தடவைக் காசு மிச்சம். எங்கள் வீட்டுக்காரரின் முதல் ரிப்போர்ட்டில் 11 என்று பார்த்து நான் ராத்திரி தூங்கவில்லை. அப்புறம் பார்த்தால் அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை.

28. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "கலர்தானே" என்று இறக்குமதி கிரேப்ஃப்ரூட் பக்கம் போகாதீர்கள், அடோர்வாஸ்டாடின் மாதிரி மாத்திரைகளின் வீரியத்தை அது ஏற்றிவிடும். நம் சாத்துக்குடிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

29. கடைசியாக, இவ்வளவு நிறம் சமைக்கும் வீட்டில் வெள்ளை வேட்டி படும் பாடு! சாம்பார்க் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிடும், பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதே, அதே சங்கதிதான், அலசினால் மறுபடி மஞ்சளாகும். மேற்கொண்டு தேய்த்துத் துணியைக் கிழிக்காமல், ஈரத்தோடு மொட்டை மாடியில் கறைப் பக்கம் மேலே இருக்கும்படி உச்சி வெயிலில் போடுங்கள். ஜாடியில் மஞ்சளை வெளுக்க வைத்த அதே வெளிச்சம் வேட்டியிலும் வெளுக்க வைத்துவிடும். பதினோரு மணிக்குப் போட்டதை மூன்று மணிக்கு எடுத்தேன், கறை எந்த ஓரத்தில் இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.